மலிவுச் சாமானும் உண்மைச் சிக்கனமும்

குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாமானை வாங்குவதே சிக்கனம் என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. கடைக்குச் செல்வோர் விலையைக் கேட்கின்றனர். பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைந்தால் மகிழ்கின்றனர். அந்தச் சாமான் எத்தனை வருஷம் உழைக்கும், பழுதானால் செப்பனிட ஆள் உண்டா, உழைத்து ஓய்ந்த பின்பும் அதற்கு ஏதேனும் விலை கிடைக்குமா என்னும் மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்பதில்லை. வாளியையும் தோசைக்கல்லையும் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். தேசத்தின் செல்வம் சர்க்கார் கஜானாவில் மட்டும் இருப்பதன்று. கோடிக்கணக்கான வீடுகளின் அடுக்களைகளிலும் இருக்கிறது. அங்கே நித்தியம் நிகழும் விரயம் பொது விரயமே என்பது நமது அபிப்பிராயம்.

நம் முன்னோர் பாத்திரங்களை வாங்கிய முறையைக் கவனிப்போம். பித்தளை அண்டாவும் தவலையும் வெண்கலப் பானையும் வாங்கிப் பெயரும் தேதியும் வெட்டி வைத்தனர். அவை அடுப்பில் இருக்கும்போது பாத்திரம். கஷ்ட காலத்தில் அடகு வைக்கத்தக்க சொத்து. ஓட்டையான பின்பும் எடைக்கு விலை பெறும் உலோகம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் பழமொழி பித்தளை அண்டாவுக்கும் பொருந்தும். பின்னாளில் நம் ஸ்திரீகள் பலர் எவர்சில்வர் பாத்திரம் வாங்கியதும் இந்தப் பழைய பித்தளையைக் கொடுத்தே அல்லவா? ஆயினும் பழமை என்பதற்காகவே எதையும் போற்ற நாம் முன்வரவில்லை. புளி பட்டால் பித்தளையில் களிம்பேறும். உட்புறம் ஈயம் பூச வேண்டும். துலக்கித் துலக்கிக் கை சலிக்கும். இந்தப் பாரம் முழுவதும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுந்தது. எவர்சில்வர் அதைக் குறைத்தது நன்மையே. நெடுநாள் உழைக்கும் சாமானை வாங்க வேண்டும் என்னும் புத்தியே நாம் இழக்கக்கூடாத பகுதி.

உழைப்பு குறைந்த சாமான் தற்செயலாய் உண்டாவதென்று நினைப்பவர்கள் ஒரு சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம். 1924-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் ஜினீவாவில் கூடி, ஃபீபஸ் என்னும் பெயரால் ஒரு கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டனர். அதற்கு முன் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்து வந்த பல்புகள் இனி ஆயிரம் மணி நேரமே எரிய வேண்டும் என்று தீர்மானித்தனர். அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த கம்பெனி அபராதம் செலுத்த நேரிட்டது! இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் அந்தக் கூட்டு சிதைந்தது. ஆனால் அதைப் பிறப்பித்த பேராசை சிதைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட மூடியும், தனியே கிடைக்காத ஒரு சிறு உதிரிப் பாகமும் இன்று அதே வேலையைச் செய்கின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இருநூறு ரூபாய்க்கு வாங்கும் பிளாஸ்டிக் வாளி ஒன்றரை வருஷத்தில் பிடி கழன்று விரிசல் காண்கிறதென்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வருஷத்தில் பன்னிரண்டு வாளிகள். செலவு 2,400 ரூபாய். ஆயிரம் ரூபாய் எவர்சில்வர் வாளி ஒன்று அக்காலம் முழுவதும் உழைத்து, முடிவில் எடைக்கும் விலை போகும். தோசைக்கல்லும் அவ்வாறே. ஒட்டாத பூச்சிட்ட தவா, இரும்புக் கரண்டி பட்டால் கீறல் காணும். வெறுமையாய்க் காய்ந்து 260 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டால் பூச்சே சிதையத் தொடங்கும். பூச்சுப் போனபின் அதை மீண்டும் பழக்க வழியில்லை. வார்ப்பிரும்புக் கல்லோ, கீழே போட்டு உடைக்காமலும் துருப்பிடிக்க விடாமலும் எண்ணெய் தடவி வைத்தால், நாளாக நாளாகப் பதம் கூடி, மருமகள் காலத்திலும் தோசை வார்க்கும்.

எனினும் ஒரு பேதத்தை மறத்தலாகாது. நெடுநாள் உழைப்பது வேறு. நெடுநாள் செலவு வைப்பது வேறு. 75 வாட் மின்விசிறி முப்பது வருஷம் சுழன்றாலும் அது சிக்கனமாகிவிடாது. அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தரும் பி.எல்.டி.சி. விசிறிகள் வந்துவிட்டன. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக வருஷத்தில் முந்நூறு நாள் ஓடினால், முன்னது 225 யூனிட்டும் பின்னது 90 யூனிட்டும் கொள்ளும். மீதமாகும் 135 யூனிட்டுக்கு யூனிட் ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 675 ரூபாய் ஆகிறது. விலையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் மூன்று கோடைக்குள் அது திரும்பிவிடும். ஆகவே மின்சாரச் சாமானில் ஆயுளோடு நட்சத்திரக் குறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருஷத்தில் இரண்டு தினம் மட்டும் வேண்டியிருக்கும் பெரிய அண்டாவையோ வாடகைக்கு எடுப்பதே விவேகம்.

விலை உயர்ந்ததெல்லாம் தரமுடையது என்று எண்ணுவதும் பிழையே. எவர்சில்வரில் 304 என்னும் தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த மட்டமான வகை, கடையில் அதேபோல் பளபளக்கும். உப்பும் புளியும் பட்ட சில காலத்தில் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். இவ்விரு வகையுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லையாதலால் அந்தச் சோதனை இங்கே பயன்படாது. தரத்தின் எண் பாத்திரத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்ப்பதே வழி. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அம்முத்திரை வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2024-இல் உத்தரவு பிறப்பித்ததை நாம் வரவேற்கிறோம்.

இதற்கெல்லாம் மிகவும் வலிமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. "கையில் ஆயிரம் ரூபாய் இருப்பவனுக்கல்லவா இந்த உபதேசம்? இருநூறு மட்டும் இருப்பவன் என்ன செய்வான்?" என்பதே அது. இந்தக் கேள்வியை அலட்சியம் செய்பவர்கள் சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். ஏழை மலிவுச் சாமானை வாங்குவது அறியாமையால் அன்று; மொத்தமாய்க் கொடுக்கப் பணம் இல்லாமையால். அதன் பலனாக, குறைந்த வருமானமுடையவன் ஒரே வாளிக்குப் பணக்காரனைவிட இரு மடங்குக்கு மேல் கொடுக்கிறான். இந்த அநீதிக்குப் பரிகாரத்தை நம் பெண்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதந்தோறும் சிறு தொகை கட்டி, முறை வரும்போது குக்கரோ அண்டாவோ எடுத்துக்கொள்ளும் பாத்திரச் சீட்டு எத்தனையோ தெருக்களில் நடந்திருக்கிறது. நாணயமாய் நடத்தப்படும் சீட்டு நல்ல ஸாதனம். ஆனால் நடத்துபவர் மறைந்துவிட்டால் கட்டியவர் கதி என்ன? ஆதலின் கூட்டுறவுச் சங்கங்களும் சுய உதவிக் குழுக்களும் தரமான வீட்டுச் சாமான்களுக்கென்றே குறைந்த வட்டியில் சிறு கடன் கொடுக்க வேண்டும். நகைக்குக் கடன் கொடுக்க முடியுமானால் கிரைண்டருக்கு ஏன் கொடுக்க முடியாது?

மற்றொரு விஷயம் செப்பனிடும் தொழில். ஈயம் பூசுவோர், அம்மி கொத்துவோர், சாணை பிடிப்போர், குடை செப்பனிடுவோர் ஆகியோரின் குரல் நம் வீதிகளில் அருகி வருகிறது. செப்பனிடுவதற்கில்லாத சாமானை நாம் வாங்கும்தோறும் ஒரு கைத்தொழிலாளியின் கூலியைத் தூரத்திலுள்ள ஆலைக்கு அனுப்புகிறோம். சட்டமும் இதில் மெல்ல விழித்து வருகிறது. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதே 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது நியாயம்; விதிவிலக்குகள் சிலவே. 1986-இலும் 2019-இலும் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் விற்பவன்மீதும் செய்பவன்மீதும் பொறுப்பை ஏற்றின. செப்பனிடும் உரிமைக்கென மத்திய சர்க்கார் 2022-இல் குழு அமைத்து, அவ்வருஷ டிசம்பரில் இணையதளமும் திறந்தனர். இவை துவக்கமேயன்றி முடிவல்ல. பிரான்ஸ் தேசத்தில் 2021 முதல் சில சாமான்களுக்கு, செப்பனிடும் எளிமையை மதிப்பெண்ணாகக் கடையிலேயே காட்டுகின்றனர். நம் நாட்டில் அது ஏன் கூடாது?

தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1945-இல் வெளியிட்ட நூலுக்கு நிலைத்திருக்கும் பொருளாதாரம் என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்தப் பெயரே நமக்கு ஒரு பாடம். சுதேசியம் என்பது உள்நாட்டுச் சரக்கை வாங்குவதோடு முடிவதன்று. உள்நாட்டுச் சரக்கு நம்பி வாங்கத்தக்கதாய் இருப்பதும் அதில் அடங்கும். பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் கோயம்புத்தூர்க் கிரைண்டரும் புவிசார் குறியீடு பெற்றவை. பெயர் பெற்றது உழைப்பால். அந்தப் பெயரைப் போலிச் சரக்கில் ஒட்டி விற்பவன் தன் ஊருக்கே துரோகம் செய்கிறான்.

ஆகையால் நாம் வேண்டுவன மூன்று. உற்பத்தியாளர்கள் உலோகத்தின் தரத்தையும், உதிரிப் பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதையும் சாமானிலேயே எழுத வேண்டும். சர்க்கார் அதைக் கட்டாயமாக்கி, எளியோருக்குக் கடன் வசதியும் செய்ய வேண்டும். குடும்பத்தினர் விலையைக் கேட்பதற்கு முன் ஆயுளைக் கேட்க வேண்டும். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது நம் குடியானவர் அறிந்த உண்மை. பத்துச் சாமான் வாங்கும் பணத்தில் நாலு நல்ல சாமான் வாங்கும் வீட்டில் பரண் காலியாயிருக்கும். பெட்டியில் நாலு காசு மிஞ்சும்.