புலியைத் தேடிப் போகும் படகுகள்... புலிக்குப் பயந்து போகும் படகுகள்! - சுந்தரவனம் ஒரு விசிட்

காட்டுக்குள் போகிறோம் என்றால் ஜீப், யானை, மலைப்பாதை என்றுதான் நினைப்போம். சுந்தரவனத்தில் இவை எதுவும் கிடையாது. இங்கே சாலை என்றால் ஆறு. வண்டி என்றால் படகு. காட்டுக்குள் கால் வைக்கவே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வேலி போட்ட கண்காணிப்பு கோபுரங்களில் மட்டும்தான் இறங்க முடியும்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கலக்கும் இடத்தில், மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலுமாகப் பரந்திருக்கிறது உலகின் மிகப்பெரிய அலையாத்திக் காடு. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு நம் நாட்டில் இருக்கிறது. 1973-ல் புலிகள் காப்பகம், 1984-ல் தேசியப் பூங்கா, 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம், 2019-ல் ராம்சார் ஈரநிலம் என்று அடுத்தடுத்து அங்கீகாரங்கள். இந்தியப் பகுதியில் உள்ள 102 தீவுகளில் 54 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். மீதி 48 தீவுகளும் காடுதான்.

எப்படிப் போவது?

கொல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷனிலிருந்து கேனிங்குக்கு லோக்கல் ரயில். அங்கிருந்து சாலை வழியாக கோத்காலி படகுத்துறை. அதற்கு மேல் படகுதான். சஜ்னேகாலியில் வனத்துறை அனுமதி பெற்று, பதிவு பெற்ற வழிகாட்டியுடன்தான் உள்ளே போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆதார் போன்ற அடையாள அட்டை அவசியம். பிளாஸ்டிக் பாட்டில், பை எதுவும் காட்டுக்குள் போட்டுவிட்டு வரக்கூடாது.

மேல்நோக்கி வளரும் வேர்கள்

தினமும் இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. காலையில் பார்த்த சேற்றுத் திட்டு மதியம் தண்ணீருக்குள் போயிருக்கும். தண்ணீர் வற்றும்போது கரை முழுக்க ஆணி அடித்ததுபோல வேர்கள் குத்திட்டு நிற்கும். சேற்றில் காற்று கிடையாது என்பதால், மூச்சு விடுவதற்காக மண்ணுக்கு மேலே வளரும் வேர்கள் இவை. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அலையாத்தி மரங்கள் புதிதல்ல. ஆனால், அங்கே புலி கிடையாது!

2022 கணக்கெடுப்பில் இந்தியச் சுந்தரவனத்தில் சுமார் 100 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இவை ஆறுகளை நீந்திக் கடக்கும். மீன், நண்டுகூடச் சாப்பிடும். ஈச்சை இனத்தைச் சேர்ந்த ஹெந்தால் புதர்களின் மஞ்சளும் நிழலும் கலந்த கோடுகளுக்குள் பதுங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். சுதன்யகாலி கோபுரத்துக்கு எதிரே உள்ள நன்னீர்க் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும்போது பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனாலும், பெரும்பாலானோர் காலடித் தடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முதலை, புள்ளிமான், உடும்பு, விதவிதமான மீன்கொத்திகள் என்று பார்க்க நிறைய இருப்பதால் ஏமாற்றம் இருக்காது.

அதே ஆற்றில் இன்னொரு படகு

சுற்றுலாப் படகில் மதியச் சாப்பாடு தயாராகும் நேரத்தில், பக்கத்துக் கால்வாயில் துடுப்புப் படகு ஒன்று ஓசையில்லாமல் போகும். நண்டு பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேன் எடுப்பவர்களும் போவார்கள். காட்டுக்குள் நுழையும் முன் வனதேவதை போன்பீபியை வணங்குவார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிடும் தெய்வம் அவள். தேவையானதை மட்டும் எடு, பேராசையோடு வராதே என்பதுதான் அவள் விதித்த நிபந்தனை என்பது நம்பிக்கை.

புலி பின்னாலிருந்து தாக்கும் என்பதால், 1980-களில் தலைக்குப் பின்புறம் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போகும் முறைகூட இங்கே முயற்சி செய்யப்பட்டது. கிராமங்களை ஒட்டி நைலான் வலை வேலி போட்ட பிறகு, புலி ஊருக்குள் வருவது குறைந்திருக்கிறது. மனிதர்கள் காட்டுக்குள் போவதுதான் குறையவில்லை. 2009-ல் ஐலா, 2020-ல் அம்பன் புயல்களின்போது கரைகள் உடைந்து வயலில் உப்பு நீர் புகுந்தது. உப்பேறிய நிலத்தில் நெல் விளையாது. அப்போது வருமானத்துக்கு மிஞ்சுவது நண்டும் தேனும்தான்.

போனவர் திரும்பாத வீட்டுப் பெண்ணை 'பாக் பிதோபா' என்கிறார்கள். 'புலி விதவை' என்று அர்த்தம். புருஷனை விழுங்கியவள் என்ற பழிச்சொல்லும் அவர்களுக்குச் சேர்ந்தே வருகிறது. அனுமதிச் சீட்டு இல்லாமலோ, தடை செய்யப்பட்ட மையப் பகுதியிலோ இறந்தால் இழப்பீடு மறுக்கப்படுவது பல காலமாக நடந்தது. இதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2023-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது, மற்ற குடும்பங்களுக்கும் நம்பிக்கை தந்திருக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

தீவுக் கிராமத்தினர் நடத்தும் விடுதியில் தங்குங்கள்; உள்ளூர் படகு, உள்ளூர் வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஊர்க்காரர்களிடமே தேன் வாங்குங்கள். சுற்றுலாவில் வேலை கிடைக்கும் வீட்டிலிருந்து ஓர் ஆள் நண்டுக்காகக் காட்டுக்குள் போகவேண்டிய அவசியம் குறையும். படகில் பாட்டு போட்டு ஆட்டம் வேண்டாம். புலி கண்ணில் படாவிட்டாலும், அது உங்களைப் பார்த்திருக்கலாம் என்பார்கள் இங்கே!