பேக்கப் ஏன் இவ்வளவு ஸ்லோ? தடை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பேக்கப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ரூட்டர் ஜிகாபிட், என்.ஏ.எஸ். ஜிகாபிட், கேபிளும் புதுசு. அப்புறம் ஏன் பேக்கப் மட்டும் ஆமை மாதிரி நகருது?"

என்.ஏ.எஸ். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நெட்வொர்க்கில் மாட்டி வைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. வீட்டுல, ஆபீஸ்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரும் ராத்திரியில அதுக்குள்ள காப்பி எடுத்து வைக்கும்.

மெதுவா போனா என்ன, ராத்திரி முழுக்க ஓடட்டுமேன்னு தோணலாம். ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணு, காலையில லேப்டாப்பை மூடிட்டுக் கிளம்பும்போது பேக்கப் பாதியில நிக்கும். நாலு நாள் அப்படி நின்னா, அஞ்சாவது நாள் நாமளே அதை ஆஃப் பண்ணிடுவோம். இன்னொண்ணு இதைவிடப் பெரிசு. டேட்டா போன அதே வழியிலதான் திரும்பியும் வரணும். எல்லாம் அழிஞ்சு போய் எல்லாரும் காத்திருக்கும்போது, அந்த வழி எவ்வளவு குறுகலா இருந்ததுன்னு அப்பதான் தெரியும்.

18 மணி நேரக் காத்திருப்பு

இதுக்கு நல்ல உதாரணம் கிட்லேப். 2017 ஜனவரி 31. அவங்க டேட்டாபேஸ்ல ஒரு சிக்கல். அதைச் சரிபண்ணிக்கிட்டிருந்த ஒரு இன்ஜினியர், இரண்டாம் நிலை சர்வர்ல இருக்கிறதா நினைச்சு ஒரு ஃபோல்டரை அழிக்கிறார். அது மெயின் சர்வர். நிறுத்துறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே போயிடுச்சு.

தினமும் எடுக்கிற பேக்கப்பைத் தேடினா அந்த இடம் காலியா இருந்தது. பேக்கப் எடுக்கும் புரோகிராமின் வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப்போகலை. அது தோல்வி அடைஞ்சதைச் சொல்ற மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரலை. கடைசியில காப்பாத்தினது, சுமார் ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அது டெஸ்டிங்குக்கு வச்சிருந்த சர்வர்ல இருந்தது.

காப்பி கிடைச்சாச்சு. ஆனா அதை மெயின் சர்வருக்குக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆச்சு. காரணத்தை அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. நெட்வொர்க்கில் தடை இல்லை, பிராசசரிலும் இல்லை. செலவைக் குறைக்க அந்த டெஸ்டிங் சர்வருக்கு மலிவான டிஸ்க் வாங்கியிருந்தாங்க. அதோட வேகமே சுமார் 60 எம்பிபிஎஸ்-தான். அந்த நேரத்துல அதை மாத்தவும் வழியில்லை.

பெரிய கம்பெனி, நல்ல நெட்வொர்க், திறமையான ஆட்கள். எல்லாரையும் காக்க வச்சது ஒரு மலிவான டிஸ்க். இன்னைக்குப் பேசப்போறது இதைப் பத்திதான். பேக்கப் வேகம்ங்கிறது, பாதையில எது மெதுவா இருக்கோ அதோட வேகம். அது எதுன்னு ஊகிக்கக் கூடாது, அளந்து பார்க்கணும்.

முதல்ல பிட், பைட்

பல புகார்கள் இந்த இடத்துலயே முடிஞ்சுடும். நெட்வொர்க் வேகத்தை பிட்டில் சொல்வாங்க, ஃபைல் அளவை பைட்டில் சொல்வாங்க. 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கை எட்டால வகுத்தா விநாடிக்கு 125 எம்பி. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி மாதிரியான தகவல்களுக்குக் கொஞ்சம் இடம் போகும். அதனால நல்ல நிலையில இருக்கிற ஜிகாபிட் நெட்வொர்க்கில் 110-லிருந்து 118 எம்பி வரைக்கும் பார்க்கலாம். "ஜிகாபிட் வாங்கினேன், 112-தான் வருது"ன்னு வருத்தப்படுறவங்க நிம்மதியா தூங்கலாம். உங்க நெட்வொர்க் முழு வேகத்துல ஓடுது.

சம்ப்பில் இருந்து டேங்க்குக்கு

அபார்ட்மென்ட்ல சம்ப்பில் இருந்து மாடி டேங்க்குக்குத் தண்ணி ஏத்துறதை யோசிங்க. சம்ப், மோட்டார், பைப், மேல டேங்க் வால்வு. மோட்டார் பலவீனமா இருந்தா அகலமான பைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வால்வு பாதி மூடியிருந்தா புது மோட்டாரும் வீண்.

பேக்கப்பும் அப்படித்தான். முதல்ல உங்க லேப்டாப்பின் டிஸ்க்கில் இருந்து படிக்கணும். அடுத்து பேக்கப் சாஃப்ட்வேர் அதைச் சுருக்கி, என்கிரிப்ட் பண்ணணும். இது பிராசசரின் வேலை. அப்புறம் கேபிள், ஸ்விட்ச், வை-ஃபை வழியா போகணும். கடைசியா, அந்தப் பக்கம் இருக்கிற டிஸ்க்கில் எழுதணும். நாலு கட்டம். நாம பெரும்பாலும் மூணாவது கட்டத்தை மட்டும் திட்டிக்கிட்டிருக்கோம்.

நம்பரே சொல்லிடும்

வேகம் மெதுவா இருந்தா, முதல்ல அந்த நம்பரை உத்துப் பாருங்க. சில நம்பர்களுக்குன்னு தனி அர்த்தம் இருக்கு.

விநாடிக்கு 11 எம்பி-யில ஆணி அடிச்ச மாதிரி நிக்குதா? கனெக்ஷன் 1000-க்குப் பதிலா 100 எம்பிபிஎஸ்-ல ஓடுது. நெட்வொர்க் கேபிளுக்குள்ள எட்டு கம்பி இருக்கும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும், 100 எம்பிபிஎஸ்-க்கு நாலு போதும். அதனால மத்த நாலு கம்பியில ஒண்ணு அறுந்தாலும் பெரும்பாலும் கனெக்ஷன் போகாது, சத்தமில்லாம வேகம் குறைஞ்சிடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கல்யாண போட்டோ ஸ்டூடியோவுல இதான் நடந்தது. ஒரு கல்யாணத்துக்கு 600 ஜிபி வரைக்கும் ஃபைல் சேரும். 11 எம்பி வேகத்துல அது 15 மணி நேரம். ராத்திரி தொடங்கினது மறுநாள் மதியம் வரைக்கும் ஓடும், அதுக்குள்ள அடுத்த முகூர்த்தம் வந்துடும். பழைய மெமரி கார்டை அழிக்கலாமா வேண்டாமான்னு தினமும் ஒரு பயம். புது என்.ஏ.எஸ். வாங்கவே முடிவு பண்ணிட்டாங்க. கம்ப்யூட்டர்ல லிங்க் ஸ்பீட் பார்த்தா 100-ன்னு இருந்தது. மேஜைக் காலுக்கு அடியில கேபிள் நசுங்கியிருந்தது. கேபிளை மாத்தினதும் அதே 600 ஜிபி ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சது.

30-லிருந்து 40 எம்பிக்குள்ள நிக்குதா? பாதையில எங்கேயோ யு.எஸ்.பி. 2 இருக்கலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பழைய போர்ட்டில் சொருகியிருக்கீங்களான்னு பாருங்க.

நம்பர் நிலையா இல்லாம 60, 15, 40-ன்னு ஆடுதா? வை-ஃபையைச் சந்தேகப்படுங்க. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒரு கருவிதான் பேச முடியும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனல்ல இருந்தா அதுக்கும் வழிவிட்டுத்தான் ஆகணும்.

முதல்ல வேகமா போய், கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு விழுதா? எழுதுற டிஸ்க்கைப் பாருங்க. எஸ்.எம்.ஆர்.-னு ஒரு வகை ஹார்ட் டிஸ்க் இருக்கு. வீட்டு ஓடு வேய்ற மாதிரி, ஒரு தடத்தின் மேல அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். அதனால நிறைய இடம் கிடைக்கும். ஆனா ஒரு இடத்துல மாத்தி எழுதணும்னா பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுதணும். தற்காலிக இடம் நிரம்பும் வரைக்கும் வேகம், அப்புறம் திணறல். என்.ஏ.எஸ்.-க்குன்னு விற்ற ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலதில் இந்த முறை இருக்குன்னு வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-ல ஒத்துக்கிட்டது. வாங்கும்போது எஸ்.எம்.ஆர்-ஆ, சி.எம்.ஆர்-ஆன்னு கேளுங்க.

குட்டி ஃபைல்களும் மளிகைக் கடையும்

10 ஜிபி-யில ஒரே வீடியோ. அதே 10 ஜிபி-யில பத்து லட்சம் குட்டி ஃபைல்கள். ரெண்டுக்கும் ஒரே நேரமா ஆகும்?

வீடியோ, நல்ல ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஒன்றரை நிமிஷம். குட்டி ஃபைல்களில் ஒவ்வொண்ணையும் தேடணும், திறக்கணும், எழுதணும், மூடணும். ஒரு ஃபைலுக்கு வெறும் 10 மில்லிசெகண்ட் கூடுதலா ஆகுதுன்னு வச்சுக்கோங்க. பத்து லட்சம் ஃபைலுக்கு 10,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். மளிகைக் கடையில முப்பது சாமான் வாங்க முப்பது தடவை போயிட்டு வர்ற கதை. கடை பக்கத்துலதான் இருக்கு, ரோடும் காலி. ஆனா நடந்தே பொழுது போயிடும்.

டெவலப்பர்களுக்கு இது நல்லா புரியும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை நினைச்சுப் பாருங்க. மறுபடி டவுன்லோட் பண்ணிக்க முடியுற அந்த மாதிரி ஃபோல்டர்களை பேக்கப்பில் இருந்து விலக்கிடலாம். மத்ததுக்கு, குட்டி ஃபைல்களைப் பெரிய மூட்டையாக் கட்டி அனுப்புற சாஃப்ட்வேர் பயன்படுத்தலாம். ரெஸ்டிக், போர்க் ரெண்டும் அப்படித்தான் வேலை செய்யுது.

இன்னொரு குழப்பமும் இங்கதான் வருது. முதல் நாளுக்கு அப்புறம் மாறின ஃபைல்கள் மட்டும்தான் போகும். எது மாறியிருக்குன்னு தேடுறதுலயே பெரும்பாலான நேரம் போறதால, திரையில விநாடிக்கு 2 எம்பி-ன்னு காட்டலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மொத்தம் எத்தனை நிமிஷத்துல முடியுதுன்னு மட்டும் பாருங்க.

கிளவுட்டும் தூரமும்

கிளவுட் பேக்கப்பில் தூரமும் சேர்ந்துக்கும். டேட்டா அனுப்புற கம்ப்யூட்டர் ஒரு அளவு வரைக்கும் அனுப்பிட்டு, "வந்துடுச்சு"ன்னு பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். தூரத்து நாட்டு சர்வருக்குப் போய்வர 200 மில்லிசெகண்ட்னு வச்சுக்குவோம். ஒரு தடவைக்கு 64 கேபி அனுப்பினா, விநாடிக்கு அஞ்சு தடவை, மொத்தம் 320 கேபி. உங்க வீட்டு லைன் 1 ஜிபிபிஎஸ்-ஆ இருந்தாலும் அதே 320-தான். இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டம்கள் இந்த அளவைத் தானாகவே பெருசாக்கிக்கும். பழைய கருவிகள் சிலது இன்னும் இதுல மாட்டும். அங்கே ஒரே நேரத்துல பல கனெக்ஷன் வழியா அனுப்புற செட்டிங் இருந்தா அதை ஆன் பண்ணுங்க, அல்லது பக்கத்துல இருக்கிற டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்க.

அப்லோட் வேகத்தையும் பாருங்க. 2 டிபி டேட்டாவை 20 எம்பிபிஎஸ்-ல ஏத்த ஒன்பது நாளுக்கு மேல ஆகும். அதை 100 எம்பிபிஎஸ்-ல திருப்பி இறக்க 44 மணி நேரம். இதெல்லாம் எதுவுமே பழுதில்லாதப்போ வர்ற கணக்கு. அமேசான் 2015-ல ஸ்னோபால்னு ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தினதுக்குக் காரணமும் இதுதான். டேட்டாவை அதுல நிரப்பி கூரியர்ல அனுப்ப முடிஞ்சது.

எந்த வரிசையில சோதிக்கணும்?

ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ஒவ்வொரு நம்பரையும் எழுதி வைங்க.

ஒண்ணு: ஒரே ஒரு பெரிய ஃபைலை பேக்கப் சாஃப்ட்வேர் இல்லாம சாதாரணமா காப்பி பண்ணுங்க. உங்க ரேம் அளவைவிடப் பெரிய ஃபைலா இருக்கணும். இல்லைன்னா டிஸ்க்குக்குப் பதிலா மெமரியின் வேகத்தைத்தான் அளப்பீங்க. இது வேகமா போய் பேக்கப் மட்டும் மெதுவா போனா, சிக்கல் சாஃப்ட்வேரிலோ குட்டி ஃபைல்களிலோ இருக்கு.

ரெண்டு: அந்த காப்பியும் மெதுவா போனா, நெட்வொர்க்கை மட்டும் தனியா அளங்க. ஐபெர்ஃப்3 இலவசம். ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல டிஸ்க்கைத் தொடாமலே டேட்டா அனுப்பிப் பார்க்கும். ஜிகாபிட்ல 940 எம்பிபிஎஸ் கிட்ட வந்தா நெட்வொர்க்கை மறந்துடலாம். 94 வந்தா கேபிளையும் போர்ட்டையும் பாருங்க.

மூணு: நெட்வொர்க் நல்லா இருந்தா ரெண்டு பக்க டிஸ்க்கையும் தனித்தனியா சோதிங்க.

நாலு: பேக்கப் ஓடும்போது ரெண்டு பக்க பிராசசரையும் பாருங்க. மொத்தம் 25 சதவீதம்னு காட்டினா உடனே விட்டுடாதீங்க. நாலு கோர் இருக்கிற பெட்டியில ஒரே ஒரு கோர் முழு மூச்சா உழைக்குதுன்னும் அர்த்தமா இருக்கலாம். குறைந்த விலை என்.ஏ.எஸ்.-கள்ல என்கிரிப்ஷன் இப்படி வேகத்தைக் குறைக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி எந்தப் பொருளும் வாங்காதீங்க.

திரும்பி வர எவ்வளவு நேரம்?

கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் அளந்தது எல்லாம் போற வழி. இந்த வாரக் கடைசியில 10 ஜிபி-யை மட்டும் பேக்கப்பில் இருந்து வேற ஒரு ஃபோல்டருக்குத் திருப்பி எடுத்துப் பாருங்க. முதல்ல ஃபைல்கள் திறக்குதான்னு பாருங்க. கிட்லேப் கதையில அந்த இடம் காலியா இருந்தது ஞாபகம் இருக்கட்டும். அடுத்து, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு குறிச்சுக்கோங்க. உங்க மொத்த டேட்டா 1 டிபி-ன்னா அந்த நிமிஷத்தை நூறால பெருக்குங்க.

அந்த விடை மூணு மணி நேரமா இருக்கலாம், மூணு நாளாவும் இருக்கலாம். அவ்வளவு நேரம் உங்களால காத்திருக்க முடியுமான்னு வீட்டுலயும் ஆபீஸ்லயும் பேசுங்க. முடியாதுன்னா, எந்தக் கட்டத்துக்குக் காசு செலவு பண்ணணும்னு இப்ப உங்க பேப்பர்லயே இருக்கு.

உங்க நம்பர்களை எழுதி அனுப்புங்க. புரியாத நம்பர் வந்தா அடுத்த எபிசோடின் கேள்வி நேரத்துல சேர்ந்து பார்க்கலாம்.