நீர்க் கணக்கு – 8: ஒரு சாண் தண்ணீர்

தேனி மாவட்டத்தில் மழைக்காலம் பிறந்துவிட்டால் காலைக் காப்பியோடு அணை நிலவரமும் கைபேசிக்கு வந்துவிடும். பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி. ஒவ்வொன்றுக்கும் நேரே நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, வெளியேற்றம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று நான்கைந்து எண்கள். பெரியாறு 142 அடியைத் தொடுமா, வைகை 71 அடிக்கு ஏறுமா என்று டீக்கடை பெஞ்சில் பேச்சு ஓடும். அந்தப் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: “அணை நெறஞ்சிருச்சுல்ல, நாத்து விட்டுரலாம்ல?”

இந்த வாரம் அந்தக் கேள்விக்குத்தான் கணக்குப் பார்க்கப் போகிறோம். சென்ற வாரம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்றுத் தண்ணீரோடு கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். இது வேறு ஆறு. கொடைக்கானல் மலையில் பிறந்து, பெரியகுளத்தை வடகரை என்றும் தென்கரை என்றும் பிரித்துக்கொண்டு, வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் வழியாகப் போய் வைகையில் சேரும் வராக நதி.

இதில் நாம் கணக்குப் பார்க்கப்போகும் ஊர் ஜெயமங்கலம். அது இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பெரியகுளத்துக்கும் வைகை அணைக்கும் நடுவில் இருக்கிறது ஊர். 1959-இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய அணை சில கிலோமீட்டர் தூரத்தில்தான். ஆனால் அந்தத் தண்ணீர் இந்த ஊர் வயலுக்கு ஏறாது. அது கீழே மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிற தண்ணீர். வைகை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று ஐந்து மாவட்டங்களுக்குச் செய்தி பறக்கும். அளவு எடுப்பதால் எத்தனை உயிர் தப்புகிறது என்பதற்கு நல்ல சாட்சி அது. ஆனால் ஜெயமங்கலத்து நெல்லுக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. அந்த நெல் நம்பியிருப்பது மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் சோத்துப்பாறையை.

சோத்துப்பாறை அணையின் முழு உயரம் 126.28 அடி. கேட்கும்போது பெரியாற்றுக்குத் தம்பி போலத் தோன்றும். ஆனால் அது குறுகிய மலை இடுக்கில் நிற்கும் அணை. ஆழம் உண்டு, அகலம் இல்லை. கொள்ளளவு 100 மில்லியன் கனஅடி. வைகை அணையின் கொள்ளளவு ஆறாயிரத்துக்கும் மேல். அடிக்கணக்கை மட்டும் பார்த்தால் 71 அடி வைகையைவிட 126 அடி சோத்துப்பாறை பெரிதாகிவிடும். நிலவரப் பட்டியலில் நாம் முதலில் பார்க்கும் எண் இப்படி நம்மை ஏமாற்றுகிறது.

இனி ஆயக்கட்டு, அதாவது அணைத் தண்ணீர் பாயும் நிலம். சோத்துப்பாறைக்குப் பழைய ஆயக்கட்டு 1825 ஏக்கர், புதிய ஆயக்கட்டு 1040 ஏக்கர். ஆக 2865 ஏக்கர். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பெருக்கினால் ஏறத்தாழ 12.5 கோடி சதுர அடி வருகிறது. அணையில் முட்ட முட்ட நிற்கும் தண்ணீர் 10 கோடி கனஅடி. வழியில் ஒரு சொட்டுகூட வீணாகாமல் அத்தனையையும் இந்த நிலத்தின்மேல் பரப்பி நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஆழம் நிற்கும்? முக்கால் அடிக்குக் கொஞ்சம் மேல். நம் கையால் அளந்தால் ஒரு சாண்.

ஒரு போகம் நெல் விளைய நாற்றங்காலில் இருந்து அறுப்பு வரை ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடித் தண்ணீர் வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஐந்து சாண். நிரம்பிய அணை அதில் ஒரு சாண் தருகிறது. இந்த அணையிலிருந்து பெரியகுளத்துக்குக் குடிநீரும் போகவேண்டும். ஆயக்கட்டு முழுவதும் நெல் இல்லை, தென்னையும் வாழையும் உண்டுதான். அவையும் தண்ணீர் கேட்கும் பயிர்களே.

மிச்சம் நான்கு சாண் எங்கிருந்து வருகிறது? பருவத்துக்கு நடுவே மலையில் மழை பெய்து அணை மறுபடி மறுபடி நிரம்புவதிலிருந்து வருகிறது. வயலிலேயே விழும் வடகிழக்குப் பருவமழையிலிருந்து வருகிறது. ஆற்றுவெள்ளத்தைப் பிடித்து வைத்த கண்மாயிலிருந்து வருகிறது. இவை தவறும்போது கிணற்றிலிருந்து வருகிறது. இதில் அணைக்கு மட்டும் தினமும் அளவு எடுத்து ஊருக்கெல்லாம் சொல்கிறோம். கண்மாயில் இன்று எவ்வளவு இருக்கிறது, மடை திறந்தால் எத்தனை நாள் பாயும், ஊர்க்கிணறுகளில் நீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்டால் எண்ணாகச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. அணைக்குக் கணக்கு இருக்கிறது, கண்மாய்க்கும் கிணற்றுக்கும் இல்லை.

கண்மாய்க்கு முன்பு இருந்தது. அதற்கென ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். அவரை மடையன் என்று அழைத்த ஊர்களும் உண்டு. அந்தச் சொல் வசவாகிப்போனது நம் காலத்தின் கேடு. மடைக்கல்லில் எந்தப் படி வரை தண்ணீர் தொட்டு நிற்கிறது என்பதைப் பார்த்தே இன்னும் எத்தனை முறை பாயும் என்று சொல்லக்கூடியவர் அவர். யாருக்கு முதலில், யாருக்கு எத்தனை நாழிகை என்பதும் அவர் கையில் இருந்தது. களத்தில் நெல்லாக அவருக்குக் கூலி அளந்தார்கள். இன்று அந்த வேலைக்கு ஆட்கள் அருகிப்போனார்கள். அவர் மனதில் வைத்திருந்த கணக்கை எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

இப்போது வானத்திலிருந்தே கண்மாயைப் பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன; பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியமான படம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ராடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது தண்ணீரின் பரப்பு, ஆழம் தெரியாது. வண்டல் மேடிட்ட கண்மாய் படத்தில் நிறைந்து தெரியும், மடை திறந்தால் பத்தே நாளில் தரை தட்டும். அதனால் ஒருமுறையாவது கண்மாய் வற்றிக் கிடக்கும்போது தரையை அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்று அட்டவணை போட்டுத்தான் ஆகவேண்டும். அதன்பின் மடை ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய ஒரு கல்தூண் நட்டால் போதும். பார்த்தவுடன் இருப்பு தெரியும்.

கிணறு இன்னும் சிக்கலானது. இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒன்றில் நூறு அடியில் ஊற்று, இன்னொன்றில் அறுநூறு அடியிலும் புகை. விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் 1990 முதல் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எத்தனையோ சிறு விவசாயிகள் நிலத்தை விற்றிருப்பார்கள். ஆனால் எந்த மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற தகவலும் அதோடு இல்லாமல் போனது. செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவி இன்று பல தோட்டங்களில் இருக்கிறது. நடு இரவில் வயலுக்குப் போய்ப் பாம்புக்கடி படவேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். அதே கருவியால் ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்துவைக்க முடியும்; யாரும் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

ஆந்திரத்தில் கிணற்றுக் கணக்கைக் கேட்டார்கள். 2003 வாக்கில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு ஏழு வறட்சி மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை அளக்கும் திட்டம் ஒன்று நடந்தது. ஊரில் மழைமானி வைத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குறிப்பிட்ட கிணறுகளில் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதினார்கள். எழுதியவர்களில் எழுத்தறிவு குறைந்த பெண்களும் இருந்தார்கள். இரண்டாம் போக விதைப்புக்கு முன் எல்லோரும் கூடி உட்கார்வார்கள். மழை இவ்வளவு, பூமிக்குள் இறங்கியது இவ்வளவு, நீங்கள் எல்லாரும் போட நினைக்கும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு, துண்டு விழுவது இவ்வளவு என்று பலகையில் எழுதிக் காட்டப்படும். அவ்வளவுதான். நெல் போடாதே என்று யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை, மானியமும் கிடையாது. கணக்கைப் பார்த்தபின் பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்குப் போனார்கள். திட்டப் பணம் நின்றபிறகு எல்லா ஊரிலும் அந்த ஊக்கம் நீடிக்கவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அளவு எடுக்கும் வேலை ஊரின் சொந்த வேலையாக ஆகாத இடங்களில் நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

நம்மிடம் அந்த வேலைக்குச் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டப்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள். அந்தச் சங்கத்தின் நோட்டில் கண்மாய் மட்டமும் பத்துக் கிணறுகளின் ஆழமும் வாரம் ஒருமுறை ஏறினால், அணை நிலவரம் போல ஜெயமங்கலத்துக்கும் ஓர் ஊர் நிலவரம் கைபேசியில் வரும்.

வயலுக்குள் எடுக்கவேண்டிய அளவு ஒன்றும் இருக்கிறது; அதற்குச் செலவு மிகக் குறைவு. ஒரு அடி நீள பிவிசி குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். அந்தத் துளைப்பாதியை வயலில் புதைத்து உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். வயல் மேலே காய்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் எட்டிப்பார்த்தால் வேர்ப்பகுதியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மடை திறக்கத் தேவையில்லை. நட்ட புதிதிலும் பூக்கும் தருணத்திலும் மட்டும் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. நம் விவசாயிகள் இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறார்கள். அதிகம் காயவிட்டுவிட்டோமோ என்ற பயத்தில்தான் பலர் முன்கூட்டியே பாய்ச்சிவிடுகிறார்கள். குழாய் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிறது. பாசனநீரில் கால்பங்கு வரை மிச்சமாகும். ஐந்து சாணில் ஒரு சாண் மிச்சமானால் அது ஒரு சோத்துப்பாறைத் தண்ணீர்.

பாசனத்துக்கு மதகு திறப்பது பெரும்பாலும் அக்டோபர் நடுவில். அதற்கு முன் கண்மாய்த் தரை காய்ந்து கிடக்கும் ஆடி மாதமே அதை அளப்பதற்கு ஏற்ற காலம். ஒரு மட்டக்கருவி, இரண்டு ஆள், மூன்று நாள் வேலை. அந்த அளவெடுப்பு எப்படி நடக்கும், கிணற்றில் நீர்மட்டம் பார்க்க நாடாவை எப்படி இறக்குவது என்பதை அடுத்த வாரம் படிப்படியாகப் பார்க்கலாம்.

(தொடரும்)