வீட்டுக் கூரை சுழன்றது! புதிய சந்திரன் தெரிந்தது!

பகலில் பீர் காய்ச்சி விற்கும் வியாபாரம். இரவில் வானாராய்ச்சி. இப்படி வாழ்ந்தவர் வில்லியம் லாசல். 1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர்.

லிவர்ப்பூல் அருகே இருந்த தம் வீட்டுக்கு 'ஸ்டார்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார். நட்சத்திர வயல் என்பது அதன் பொருள். அங்கேயே ஒரு வானாராய்ச்சிக் கூடமும் கட்டினார்.

கூரை அசையாமல் இருந்தால் டெலஸ்கோப் ஒரே திசையைத்தானே பார்க்கும்? ஆகவே கவிழ்த்த கிண்ணம் போல் கூரை அமைத்தார். அதில் நீளமாக ஒரு திறப்பு. கூரையைச் சுழற்றினால் திறப்பும் சுழலும். நட்சத்திரம் நகர நகர, கூரையையும் திருப்பிக்கொண்டே போகலாம்.

டெலஸ்கோப்பும் சொந்தத் தயாரிப்பே. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, 24 அங்குல அகலத்தில் உலோக ஆடி வார்த்தார். அதைப் பளபளவென்று மெருகேற்ற ஓர் இயந்திரமும் செய்தார்.

1846 செப்டம்பர் 23-ல் பெர்லினில் நெப்டியூன் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது. சரியாகப் பதினேழாம் நாள், அக்டோபர் 10-ல், அதன் பக்கத்தில் மங்கலான ஒளிப்புள்ளி ஒன்றை லாசல் கண்டார்.

அது சந்திரனா? அல்லது தொலைவிலுள்ள நட்சத்திரமா? உறுதி செய்வதற்குள் நெப்டியூன் சூரியன் பக்கம் சென்று மறைந்துவிட்டது! மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தார் லாசல்.

1847 ஜூலையில் கூரை மறுபடி சுழன்றது. ஐயமில்லை, சந்திரனேதான்!

'ட்ரைட்டன்' என்பது இன்று அதன் பெயர். 1989-ல் 'வாயேஜர் 2' விண்கலம் அருகே சென்று அதைப் படம் பிடித்தது. ஆனால் அதை முதலில் கண்டது, பட்டம் பெறாத ஒரு வியாபாரியின் வீட்டுக் கூரைக்கு அடியிலிருந்துதான்!