அலுமினியப் பெற்றோல் தாங்கி

மோட்டர் வண்டியை உறுப்புக்களாக வாங்கித் தாமே பூட்டி ஓட்டும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1957இல் கொலின் சப்மன் வெளியிட்ட லோட்டசு செவன் அவ்வகையிற் புகழ்பெற்றது; உறுப்புக்களாக விற்கப்பட்டமையால் அதற்குக் கொள்வனவு வரி விதிக்கப்படவில்லை. இத்தகைய வண்டியின் ஒடுங்கிய பின்புறத்திற்கு ஏற்பத் தாங்கியைத் தகட்டிலிருந்து ஆக்குவோர் பலர் அலுமினியத்தையே தெரிவர். ஒத்த கனவளவுள்ள உருக்கின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொன்றே அதன் நிறையாகும்.

ஆயின் அதனை உருக்கி ஒட்டுதல் எளிதன்று. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன்மேற் படர்ந்த ஒட்சைட்டுப் படலமோ 2,000 பாகைக்கு மேலேதான் உருகும். எனவே கம்பித் தூரிகையாற் படலத்தைத் தேய்த்தகற்றி, ஆகன் வாயுவின் காப்பில் ஆடலோட்ட மின்வில்லால் ஒட்டுவர். ஓட்டம் மாறிமாறிப் பாய்கையில் எஞ்சிய படலமும் சிதையும்.

தாங்கியினுள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் வேண்டும். இன்றேல் வளைவுகளிற் பெற்றோல் ஒருபுறம் ஒதுங்க, எஞ்சின் திணறும். முடித்த தாங்கியுட் சிறிதளவு அமுக்கத்தில் மட்டுமே காற்றைச் செலுத்திச் சவர்க்கார நீர் பூசினால், கசிவுள்ள இடத்திற் குமிழி தோன்றும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பெற்றோல் ஒருமுறை நிரம்பிய தாங்கியை, வெறுமையானதென எண்ணித் தீயருகே கொணர்தல் ஆகாது. நிறைந்த தாங்கியினும் வெறுந் தாங்கியே கொடிது. அதனுள் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். வெடித்தற்கு ஒரு பொறியே போதும்.