ஏட்டின் கடைசியில் மூன்று எழுத்துகள்

மகிமை யாருக்கு? – தொடர் கட்டுரை 9

யோசுவா ஆகானிடம் பேசியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். எரிகோவின் கொள்ளையில் ஒரு பாபிலோனிய சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவன் ஆகான். அவனிடம், கர்த்தருக்கு மகிமை செலுத்து என்கிறார் யோசுவா. அடுத்த மூச்சிலேயே, செய்ததை என்னிடம் மறைக்காமல் சொல் என்கிறார். அங்கே பாட்டும் இல்லை, பலியும் இல்லை. மறைத்ததை வெளியே எடுத்து வைப்பதுதான் ஆகான் செலுத்த வேண்டிய மகிமை.

அப்படி மறைத்து வைத்த பொன் எதுவும் இல்லாமல், காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிற ஒரு விசுவாசி எதைக் கொண்டு மகிமை செலுத்துவது? பவுல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், உண்பதையும் குடிப்பதையும்கூட அவர் தேவ மகிமையின் கணக்கில் சேர்த்துவிடுகிறார். ஆராதனை நேரம், வேலை நேரம் என்ற பிரிவினைக்கு அவர் இடமே வைக்கவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. செய்வது எப்படி என்று தெரியத்தான் ஆள் தேவைப்படுகிறது. நான் தேர்ந்துகொண்டவர் போதகர் அல்ல, மிஷனெரியும் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்து, சம்பளம் போதவில்லை என்று முறையிட்ட ஓர் இசைக்காரர்: யோகான் செபஸ்தியான் பாக்.

ஜெர்மனியின் ஐசனாக் ஊரில் 1685 மார்ச்சில் பிறந்தவர். ஊருக்கு மேலே குன்றின்மீது நிற்கிற வார்ட்புர்க் கோட்டையில்தான் லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். சிறுவன் லூத்தர் படித்த பள்ளியில்தான், ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, சிறுவன் பாக்கும் படித்தான். செருப்புத் தைப்பவரும் மாவு பிசைபவரும் தங்கள் வேலையிலேயே தேவனுக்கு ஊழியம் செய்கிறார்கள் என்ற லூத்தரின் போதனை, பாக் வளர்ந்த வீடுகளில் தினசரிப் பேச்சாகப் புழங்கியது. பரம்பரையாக இசைத்தொழில் செய்த குடும்பம் அது.

1723இல் லைப்சிக் நகரத்தின் புனித தோமா ஆலயப் பள்ளிக்கு இசைப் பொறுப்பாளராக அவர் வந்தபோது, நகர சபை அவரை ஆசையோடு அழைக்கவில்லை. முதலில் கேட்டது டெலமான் என்ற இசைக்காரரை. அவர் ஹாம்பர்கிலேயே தங்கிவிட்டார். அடுத்து கேட்டது கிராப்னர் என்ற இன்னொருவரை. அவருடைய எஜமான் அவரை விடவில்லை. சிறந்தவர்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சபை உறுப்பினர் ஒருவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அந்த நடுத்தரமானவர்தான் பாக்.

வேலையோ மலை போல இருந்தது. ஞாயிறுதோறும் பிரசங்கத்தை ஒட்டிப் பாடுவதற்கு, அந்நாளின் சுவிசேஷ வாசிப்போடு பொருந்துகிற கந்தாட்டா ஒன்று வேண்டும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து பெரும்பாலும் இருபது நிமிடம் போல இசைக்கிற படைப்பு. லைப்சிக்கின் முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒன்றாக அவற்றை எழுதினார். எழுதி முடித்ததும் மனைவி அன்னா மக்தலேனா, பிள்ளைகள், மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளாகப் படியெடுப்பார்கள். அவசர ஒத்திகை, ஞாயிறு காலை ஆராதனை. மறுநாள் அடுத்த வாரத்துக்கான வேலை தொடங்கிவிடும். இடையில் பள்ளிப் பையன்களை மேய்க்க வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாட ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய நண்பர் எர்ட்மானுக்கு 1730இல் எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று ஆரோக்கியமாக இருந்தால் அடக்க ஆராதனைகள் குறைந்து தன் வருமானமும் குறைந்துவிடுகிறது என்று கணக்குப் பார்த்து வருந்துகிறார். குடும்பஸ்தரின் கவலை அது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1726 முதல் 1733 வரையான ஆண்டுகளில் மட்டும் ஏழு குழந்தைகளைப் புதைத்த வீடு அது.

இந்த வேலையின் நடுவே, அவருடைய ஆலய இசைக் கையெழுத்துப் படிகளில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கிற இரண்டு குறிப்புகள் உண்டு. முதல் பக்கத்தின் தலையில் "ஜே. ஜே." என்று இரண்டு எழுத்துகள். இயேசுவே, உதவி செய்யும் என்று லத்தீனில் செய்கிற ஜெபத்தின் சுருக்கம். கடைசிச் சுரத்தை எழுதி முடித்தபின் "எஸ். டி. ஜி." என்று மூன்று எழுத்துகள். தேவனுக்கு மாத்திரமே மகிமை.

இந்த மூன்று எழுத்துகளையும் யார் பார்த்தார்கள்? சபையார் பார்க்கவில்லை, அவர்கள் காதால்தான் கேட்டார்கள். பாடியவர்களும் வாசித்தவர்களும்கூடப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அவரவர் கையில் இருந்தது அவரவர் தாள் மட்டும். முழு ஏட்டின் கடைசிப் பக்கம் பாக்கின் மேசையில் இருந்தது. படியெடுத்தவர்கள் கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான். அச்சேறி உலகம் பார்க்கும் என்ற எதிர்பார்ப்புக்கும் வழியில்லை. இன்று நம்மிடம் ஏறக்குறைய இருநூறு ஆலயக் கந்தாட்டாக்கள் இருக்கின்றன. அவற்றில் அவர் வாழ்நாளிலேயே அச்சில் வந்தது, 1708இல் மூல்ஹவுசன் நகர சபைக்காக எழுதிய ஒன்றுதான். மற்றவை தாளாகக் கிடந்தன; எத்தனையோ தொலைந்தும் போயின. ஆக, அந்த எழுத்துகள் ஊராருக்குக் காட்டிய பக்தி அல்ல. வேலையை முடித்தவன் வேலை கொடுத்தவரிடம் கணக்கு ஒப்படைக்கிற கையெழுத்து அது.

அது அக்காலத்துப் பழக்கம்தானே என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்வதுண்டு. பழக்கம்தான், வேறு இசைக்காரர்களும் எழுதினார்கள். மாணவர்களுக்கு 1738இல் அவர் சொல்லிக்கொடுத்ததாகக் கிடைக்கும் பாடக் குறிப்பில், இசையின் நோக்கம் தேவனுடைய மகிமையும் மனத்தின் புத்துணர்ச்சியுமே என்று வருகிறது. அந்த வாசகமும் முந்தைய பாடநூல் ஒன்றிலிருந்து எடுத்தாண்டதே. 1960களில் ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரீட்ரிஹ் ப்ளூமே ஒருபடி மேலே போய், ஆலய வேலை பாக்குக்கு வெறும் உத்தியோகம், உள்ளத்தின் அழைப்பு அல்ல என்று வாதாடினார்.

அந்த வாதத்துக்கு எதிரே நிற்பது ஒரு வேதாகமம். ஆபிரகாம் காலோவ் என்ற இறையியலாளரின் விளக்கவுரையோடு மூன்று பாகங்களாக வந்த ஜெர்மன் வேதாகமம். அதில் பாக் தன் பெயர்ச் சுருக்கத்தையும் 1733 என்ற ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார். எப்படியோ கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குடும்பத்திடம் இருந்து, 1934இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. இன்று செயின்ட் லூயிஸ் நகரத்தின் கன்கார்டியா செமினரியில் இருக்கிறது. ஓரங்களில் அவர் கையாலேயே அடிக்கோடுகளும் குறிப்புகளும். அச்சில் விட்டுப்போன சொற்களைக்கூடத் தேடி எழுதிச் சேர்த்திருக்கிறார். யாருக்காக? வீட்டில் தான் வாசிக்கிற புத்தகத்தில் பிழை இருக்கக் கூடாது என்பதற்காக. இரண்டாம் நாளாகமம் 5ஆம் அதிகாரத்தில், சாலொமோனின் ஆலயத்தில் எக்காளமும் பாட்டும் ஒரே சத்தமாக எழும்பியபோது மேகம் ஆலயத்தை நிரப்பிய இடத்தில், பக்தியோடு செய்யும் இசையில் தேவன் தம் கிருபையோடு எப்போதும் இருக்கிறார் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக எழுதியது அல்ல அது. உத்தியோகத்துக்காக மட்டும் பாடுகிறவன் தன் வீட்டு வேதாகமத்தின் ஓரத்தில் இப்படி எழுத வேண்டிய தேவை இல்லை. ப்ளூமேயின் தீர்ப்பை நான் ஏற்காததற்கு இந்தப் பக்கமே எனக்குப் போதும்.

இதையெல்லாம் வாசித்து, பாக் சாந்த சொரூபி என்று எண்ணிவிட வேண்டாம். இளவயதில், ஆர்கன் வாசித்த ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஒரு மாணவனோடு தெருவில் கைகலப்பு. 1717இல், அப்போது வேலை பார்த்த வைமார் அரசவையை விட்டு வேறு வேலைக்குப் போக அனுமதி கேட்டுப் பிடிவாதம் பிடித்ததால், பிரபு அவரைப் பிடித்து ஏறக்குறைய நான்கு வாரம் சிறை வைத்தார். லைப்சிக்கில் தலைமையாசிரியரோடு வருடக்கணக்கில் சண்டை. நகர சபையோடு ஓயாத வழக்கு. காலோவ் வேதாகமத்தில் கோபத்தைப் பற்றிய விளக்கத்தையும் அவர் அடையாளமிட்டிருக்கிறார்: தனக்காகக் கோபப்படக் கூடாது, பொறுப்பின் நிமித்தம் கோபம் வரலாம் என்று சொல்கிற பகுதி. தன் சண்டைகளை அந்தத் தராசில் நிறுத்திப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

தன் திறமையை அவர் ஒளித்துக்கொள்ளவும் இல்லை. டிரெஸ்டன் அரசவையின் இசைப் பட்டத்துக்கு விண்ணப்பித்துப் பெற்றார். கடைசிக் காலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட ஃபியூக் என்ற பெரிய பல்குரல் படைப்பு ஒன்றில், தன் பெயரின் நான்கு ஜெர்மன் எழுத்துகளையே (B-A-C-H) நான்கு சுரங்களாக வைத்துக் கோத்திருக்கிறார். 'நான் ஒன்றுமில்லை, நான் புழு' என்று சொல்வதையே மகிமை செலுத்துவதாக நினைக்கிற பேச்சு நம் ஜெபக்கூட்டங்களில் அதிகம். கொடுக்கப்பட்ட தாலந்தை மண்ணில் புதைத்தவனை இயேசு மெச்சவில்லை. தாலந்து இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதைத் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்தி, பின்பு கணக்கை உரியவரிடம் கொடுப்பதே கடினமான வழி. பாக் அந்த வழியில் போனார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, அவர் மூத்த மகனுக்காகத் தொடங்கிய பயிற்சிப் புத்தகம். 1720 ஜனவரி. வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்கு ஒன்பது வயது. சுரங்களின் பெயர், எந்த விரலை எங்கே வைப்பது என்று அரிச்சுவடிப் பாடங்கள். அதன் தொடக்கத்தில், இயேசுவின் நாமத்தில் என்று லத்தீனில் மூன்று எழுத்துகள். ஆலய ஆராதனைக்காக எழுதிய புத்தகம் அல்ல அது. குழந்தையின் விரல்கள் இடறி இடறிப் பழக வேண்டிய பாடம். அதையும் அதே நாமத்தில்தான் தொடங்கினார். பவுல் சொன்ன சாப்பாடும் தண்ணீரும் பாக்கின் வீட்டில் இந்த வடிவம் எடுத்திருக்கிறது.

இந்தச் சரித்திரம் நமக்கு அவ்வளவு தூரமும் அல்ல. பாக் இளைஞராய் ஆர்ன்ஷ்டாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த 1706இல்தான் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இருவரும் ஒரே லுத்தரன் உலகத்தின் பிள்ளைகள். பாக் நான்கு குரலுக்கு ஒழுங்குபடுத்திய ஞானப்பாட்டு மெட்டுகள் பலவும் தரங்கம்பாடி மிஷன் வழியாகத் தமிழுக்கு வந்து, இன்றும் தமிழ் லுத்தரன் சபைகளில் பாடப்படுகின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே வாங்கில் நின்று பாடுகிற அந்த மெட்டுகளை லைப்சிக்கின் பையன்களும் பாடினார்கள்.

நம் ஆலயங்களின் வாசற்கல்வெட்டுகளைப் பாருங்கள். முதல் வரியில் 'தேவனுடைய மகிமைக்கென்று' என்று இருக்கும். அதற்குக் கீழே அடிக்கல் நாட்டியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், செயலர், பொருளர், நன்கொடை கொடுத்தவர்கள், அவர்களுடைய பட்டங்கள். சில இடங்களில் நன்கொடைத் தொகையையும் பொறித்திருக்கிறார்கள். முதல் வரியை விடப் பட்டங்களின் எழுத்து பெரிதாக இருக்கிற கல்வெட்டுகளும் உண்டு. அதே கட்டடத்தில் ஈராண்டுக்குள் கூரை ஒழுகும். ஆலய மின்வயர் தொங்கும். பாடகர் குழு ஒத்திகை இல்லாமல் வந்து நிற்கும். ஒழுகுகிற கூரைக்கும் யாரோ கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. ஆகானுக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: கணக்கைத் திறந்து வைக்காத கட்டடக் குழு, முதல் வரியை எழுதத் தகுதி பெறவில்லை.

பாக் 1750 ஜூலை 28 அன்று இறந்தார். லைப்சிக்கின் புனித யோவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கவில்லை. 1894இல் எலும்புகளைத் தேடி எடுக்கும்வரை இடம் இன்னதென்று நிச்சயமாகத் தெரியாது. அன்னா மக்தலேனா நகரத்தின் தர்மப் பணத்தில் வாழ்ந்து 1760இல் இறந்தார். அந்த நகரத்துக்கு அது பெருமை சேர்க்கிற செய்தி அல்ல.

உங்கள் சபையில் புதிய கட்டடம் எழும்புகிறதென்றால், கல்வெட்டுக்கான பெயர்ப் பட்டியல் குழுவின் முன் வரும் நாள் ஒன்று இருக்கும். அன்றைக்கு ஒருவராவது எழுந்து, முதல் வரி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அதோடு, வரவு செலவுக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

(தொடரும்)