தர்மபுரிக் கல்லும் கொழும்பின் ஆழமும்

தர்மபுரி மாவட்டத்தில் மிதக்கும் வாகனம் என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். கடலைப் பார்க்க சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் பென்னாகரம் பக்கத்துக் குவாரியில் அறுத்தெடுக்கும் கருங்கல் எந்த வாரம் ஐரோப்பா போய்ச் சேரும் என்பதைப் பல சமயம் முடிவு செய்வது ஒரு தீவு நாட்டுத் துறைமுகம், கொழும்பு.

முதலில் கல்லைப் பார்ப்போம். வியாபாரத்தில் இதற்கு ‘பிளாக் கிரானைட்’ என்று பெயர்; புவியியலாளர்களுக்கு இது டோலரைட். சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு முதல் தர்மபுரி வரையிலான பழம்பாறை நெடுநெடுவென வெடித்தது. அந்த வெடிப்புகளில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி இறுகியது. தரைக்குள் செங்குத்தாக நிற்கும் கரிய சுவர்கள் போன்ற இவற்றை ‘பெங்களூரு–தர்மபுரி டைக் கூட்டம்’ என்று ஆய்வேடுகள் குறிப்பிடுகின்றன. மணிகள் நுண்மையானவை, மெருகேற்றினால் முகம் தெரியும். ஐரோப்பியக் கல்லறைகளுக்கும் ஜப்பானியக் கல்லறைகளுக்கும் தென்னிந்தியக் கருங்கல் விரும்பி வாங்கப்படுவது அதனால்தான்.

ஒரு கனமீட்டர் டோலரைட் ஏறக்குறைய 3 டன் இருக்கும். இருபதடி கன்டெய்னரின் உள்ளே 33 கனமீட்டர் இடம் உண்டு. ஆனால் எட்டு, ஒன்பது கனமீட்டர் கல் வைத்ததுமே எடை வரம்பு வந்துவிடும். நடுவில் ஒன்றிரண்டு பிளாக்குகள், அவை நகராமல் இருக்கச் சுற்றிலும் மரக்கட்டை முட்டு, மீதி முக்கால் பங்கு வெறும் காற்று. கப்பலில் இந்தப் பெட்டியை அடியறையில்தான் வைப்பார்கள். மேலே வைத்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாய்ந்த கப்பல் நிமிரத் திணறும். அதற்காக எல்லாக் கனத்தையும் அடியில் கொட்டினாலும் ஆபத்துதான். அப்போது கப்பல் வெடுக்கென்று நிமிரும். அந்த உலுக்கலில் மேல்தட்டுப் பெட்டிகளின் பிணைப்பு அறுந்து போகலாம். இந்தச் சமநிலைக்குப் பெட்டியின் உண்மையான எடை தெரிய வேண்டும். ஆனால் எடையைக் கூட்டிக் குறைத்து எழுதும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. குவாரிக்காரர்கள் முணுமுணுத்தாலும் என்னைக் கேட்டால் நல்ல விதி.

இந்தக் கல்லைத் தூத்துக்குடி வழியாக அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். லாரி தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், கரூர், மதுரை கடந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அங்கிருந்து கொழும்பு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர்தான். ஆக, தூத்துக்குடிக்குத் தர்மபுரியைவிடக் கொழும்பு கிட்டத்தில் இருக்கிறது!

ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய பெட்டியைக் கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவானேன்? காரணம் கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் ஆழம். கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். தண்ணீரில் உரசும் பரப்போ நான்கு மடங்குதான். உரசல் அந்த அளவுக்கு ஏறாததால் ஒரு பெட்டிக்கான எரிபொருள் செலவு குறைகிறது. மாலுமிகளின் எண்ணிக்கையும் கப்பலோடு சேர்ந்து வளர்வதில்லை. அதனால்தான் 400 மீட்டர் நீளத்தில், 24,000 பெட்டி சுமக்கும் ராட்சதர்களைக் கட்டுகிறார்கள். முழுச் சுமையில் இவற்றின் அடிப்பகுதி 16 மீட்டரைத் தாண்டி நீருக்குள் இருக்கும். தூத்துக்குடியோ பதினான்கு மீட்டர் அளவுக்கு நீருக்குள் அமிழும் கப்பல்களுக்கானது.

கொழும்பின் தென்துறைமுகத்தில் 2013இல் திறந்த முனையத்தின் ஆழம் 18 மீட்டர். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் இலங்கைக் கரையில் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஹூக்ளி ஆற்றில் போல, தண்ணீர் ஏறட்டும் என்று கப்பல் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சூயஸ்–மலாக்கா கப்பல் பாதை தீவின் தென்முனையான தேவேந்திரமுனையை ஒட்டியே போகிறது. சீனத் தளபதி செங் ஹோ இலங்கையின் காலி நகருக்குக் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி, இதே முனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரைத்தான் போற்றுகிறது. கப்பல்காரர்களின் தடம் அறுநூறு ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை.

துறைமுகம் மட்டும் மாறியது. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகும் சில காலம் காலிதான் பெரிய துறைமுகம். கொழும்பில் தென்மேற்குப் பருவக்காற்று அலைகள் நேராக உள்ளே வந்து அடிக்கும். ஜான் கூட் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நட்டார்கள், 1885இல் முடித்தார்கள். காலியின் கதை அத்தோடு இறங்குமுகமானது.

பத்து இந்தியத் துறைமுகங்களையும் இருபது வெளிநாட்டுத் துறைமுகங்களையும் நேரடியாக இணைக்க 200 தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு கூடுமிடம் வைத்தால் 30 போதும். சேலம் பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பஸ் பிடிப்பது போன்ற ஏற்பாடுதான். சிறிய ஃபீடர் கப்பல்கள் கொண்டுவந்து கொட்ட, தாய்க்கப்பல் அள்ளிக்கொண்டு போகிறது. 2024இல் கொழும்பு கையாண்டது ஏறக்குறைய 78 லட்சம் இருபதடி அலகுகள். அதில் பெரும்பங்கு இலங்கை மண்ணைத் தொட்டுவிட்டு மறுகப்பல் ஏறும் சரக்கு. அதிலும் பெரும்பங்கு இந்தியாவுடையது.

ஆழமும் பாதையும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு அம்பாந்தோட்டை சாட்சி. 2010இல் திறந்த அந்தத் துறைமுகம் கொழும்பைவிடக் கப்பல் பாதைக்கு நெருக்கம், ஆழமும் உண்டு. 2017இல் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் போனது. ஆனாலும் பல ஆண்டுகள் கார்களை ஏற்றி இறக்கும் துறைமுகமாகவே காலம் தள்ளியது. ஃபீடர்கள் வராத இடத்துக்குத் தாய்க்கப்பல் வராது. தாய்க்கப்பல் வராத இடத்துக்கு ஃபீடர் எதற்கு வரும்? இந்தச் சுழலை உடைப்பதுதான் புதிய துறைமுகம் எதற்கும் கடினமான வேலை. கான்கிரீட் ஊற்றுவது அதைவிடச் சுலபம் என்றே நினைக்கிறேன்.

கேரளத்தின் விழிஞ்ஞம் அதை உடைக்கப் பார்க்கிறது. கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை பத்து கடல்மைல் தொலைவில். 2025 மே 2இல் முறைப்படி தொடங்கியது. ஜூன் மாதமே 24,346 பெட்டி கொள்ளும் எம்எஸ்சி இரினா வந்து கட்டியது. ஆனால் உள்நாட்டிலிருந்து சரக்கு வர ரயில் வேண்டும். பாலராமபுரம் வரை திட்டமிட்டிருக்கும் 10.7 கிலோமீட்டர் பாதையின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போக வேண்டியது.

விழிஞ்ஞத்தை நடத்துவது அதானி குழுமம். கொழும்பில் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய, 20 மீட்டர் ஆழம் கொண்ட மேற்கு முனையத்தில் 51 சதவீதப் பங்கு வைத்திருப்பதும் அதே குழுமம்தான்.